சாளரத்தில் ஒரு தக்காளிச் செடி



ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை என்றால் ஒழுக்கம், கல்வி, காலந்தவறாமை ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றியதாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இம்முறை தக்காளிச் செடியைப் பற்றி எழுதத் துணிந்துள்ளேன். கொல்லையில் பந்தற்கால் கட்டி வளர்க்கும் தக்காளியன்று. ஒரு சாண் உயரமே வளர்ந்து, சாளரத்தின் ஓரத்தில் வைத்த தகரக் குவளைக்குள்ளேயே பூத்துக் காய்த்துப் பழுக்கும் குறுந்தக்காளி. நம் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இச்செடி ஒன்றை விதையிலிருந்து விதை வரை தம் வீட்டுச் சாளரத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பெற்றோருள் சிலர் இதனை விரும்ப மாட்டார்கள் என்பதையும் அறிவேன். ஆகவே அவர்களுடைய மறுப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

“நாங்கள்தாம் மண்ணிலும் மரத்திலும் கிடந்து மாய்ந்தோம், எங்கள் பிள்ளையின் கையிலாவது மண் ஒட்டாமல் இருக்கட்டும், ஐயா” என்று பெற்றோர் பலர் என்னிடம் கூறியுள்ளனர். அச்சொல்லில் உள்ள வலியை நான் உணராதவனல்லன். இருள் பிரியுமுன் பிரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் மரம் சீவி, மங்கு மங்காகப் பால் சேர்த்து, காண்டா வாளி சுமந்த தோளுக்கு அவ்வாறு சொல்லும் உரிமை உண்டு. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். தோட்டத்தில் நமக்கு இரண்டு வகை மண் இருந்தது. ஒன்று, நிரை பிரித்துக் கொடுக்கப்பட்ட கம்பெனியின் மண். மற்றொன்று, லயத்தின் பின்புறம் சாக்கடை ஓரத்தில் நாமே கொத்திப் பண்படுத்திய சிறு துண்டு மண். முன்னதில் உழைத்துக் களைத்து வந்த அதே தாய், மாலையில் பின்னதில் குனிந்து மிளகாய்க்கு நீர் ஊற்றினாள். கத்தரிக்குச் சாம்பல் தூவினாள். முருங்கையும் கறிவேப்பிலையும் அண்டை வீட்டாருக்கு ஒடித்துக் கொடுத்தாள். அதனை எவரும் அவளுக்குக் கட்டளையிடவில்லை. கங்காணி வந்து எண்ணிப் பார்க்கவும் இல்லை. நம்மை வாட்டியது முதல் வகை மண். இரண்டாவது, நமக்கு ஓரளவு ஆறுதல் தந்த மண்.

இரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை வந்தது. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. நம் குடும்பங்கள் பல இன்று மூன்றாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் குடியிருக்கின்றன. இந்த மாற்றத்தில் கம்பெனியின் மண்ணிலிருந்து நாம் விடுபட்டது நன்மையே. ஆனால் லயத்துப் பின்புறத்து மண்ணையும் அதனோடு சேர்த்தே இழந்துவிட்டோம். அதனை இழப்பாக எவரும் கணக்கிடவில்லை. 1974-இல் துன் அப்துல் ரசாக் காலத்தில் அரசாங்கம் ‘பச்சைப் புத்தகத் திட்டம்’ ஒன்றைத் தொடங்கி, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் காய்கறி பயிரிடுமாறு மக்களை ஊக்குவித்தது. நல்ல திட்டந்தான். ஆனால் வீட்டைச் சுற்றி நிலம் உள்ளவனுக்கே அது பொருந்தும். அடுக்குமாடிப் பிள்ளைக்கு வீட்டைச் சுற்றி இருப்பது காற்று மட்டுமே. அவனுக்கு எஞ்சியுள்ள நிலம், காலை வெயில் விழும் சாளரத்தின் ஓரம் ஒரு முழம்.

நம் பிள்ளைகள் திருக்குறள் மனனப் போட்டிக்காக 104-ஆம் அதிகாரமாகிய ‘உழவு’ முழுவதையும் தடங்கலின்றி ஒப்புவிக்கின்றனர். மகிழ்ச்சியே. ஆனால் ஒரு விதை முளைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் மேலே பார்க்கின்றனர். அறிவியல் பாடத்திற்காக ஈரப் பஞ்சில் பச்சைப் பயறு முளைக்க வைக்கிறோம். ஏழாம் நாள் குறிப்பு எழுதியதும் முளையைக் குப்பைத் தொட்டியில் கொட்டுகிறோம். முளைப்பது வரை பாடம். வாழ்வது பாடத்தில் இல்லை! பள்ளி வளாக அழகுப் போட்டிகளின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. நடுவர் வருவதற்கு முதல் நாள் பூத்தொட்டிகள் லாரியில் வந்து இறங்கி, மறுவாரம் வாடிக் கிடப்பதை நான் ஒரு பள்ளியில் மட்டும் கண்டேனல்லேன்.

குவளையில் செடி வளர்ப்பதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று கருதுவோருக்கு நம் பேராக் மாநிலத்தின் வரலாறே விடை கூறும். 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரப் பூங்காவிற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் மிகச் சிலவே முளைத்தன. அக்கன்றுகள் ‘வார்டு பெட்டி’ எனப்படும் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கப்பட்டுக் கடல் கடந்து கீழை நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு கண்டறிந்த முறை அது: கண்ணாடிக்குள் ஒளி புகும், உப்புக் காற்று புகாது, செடி விட்ட ஈரமே மீண்டும் அதற்கு நீராகும். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகள் 22. அவற்றுள் 9 கன்றுகளை அன்றைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நடச் செய்தார். அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட நில அலுவலகத்தின் அருகே நிற்கிறது. நம் பாட்டனாரைக் கப்பலேற்றி இந்நாட்டுக்குக் கொண்டு வந்த பயிர், கண்ணாடிக்குப் பின்னால் சிறு தொட்டியில் யாரோ நாள்தோறும் பார்த்துப் பார்த்து வளர்த்த கன்றிலிருந்து தொடங்கியதே. கோலகங்சாருக்குச் சுற்றுலா செல்லும் பள்ளிகள் பள்ளிவாசலையும் அரண்மனையையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அம்மரத்தின் அடியிலும் பத்து நிமிடம் பிள்ளைகளை நிறுத்த வேண்டும்.

தக்காளியும் இரப்பரைப் போலவே தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர்தான். அந்நாட்டு மலைச் சாரல்களில் காடாகக் கிடந்ததை மெக்சிகோ மக்கள் பயிராக்கினர். இசுபானியர் உலகெங்கும் பரப்பினர். நம் முன்னோர் இதனைக் கண்டபோது, தாம் ஏற்கெனவே அறிந்திருந்த மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி ஆகியவற்றின் பெயரையே இதற்கும் சூட்டினர். சில ஊர்களில் ‘சீமைத் தக்காளி’ என்றும் வழங்கியது. நெற்றியில் குத்தி வெடிக்கச் செய்து விளையாடுவோமே, அந்தச் சொடக்குத் தக்காளி இதற்கு நெருங்கிய உறவு. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியனவும் இதே குடும்பம்.

இனிக் குறுந்தக்காளிக்கு வருவோம். 1989-இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தார் ‘மைக்ரோ டாம்’ என்னும் வகையை வெளியிட்டனர். அது ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமே வளரும். அது குட்டையாக நிற்பதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, தண்டின் கணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவு மிகக் குறைவு. மற்றொன்று, தண்டு நீண்டுகொண்டே போகாமல் ஒரு கட்டத்தில் பூங்கொத்தோடு தன் வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். இவ்விரண்டும் அதன் பிறவிக் குணங்கள். விதை வழியே தொடர்பவை. இடம் மிகுதியும் வேண்டாமையாலும் விரைந்து காய்ப்பதாலும் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் தக்காளி ஆராய்ச்சிக்கு இதனையே பயன்படுத்துகின்றனர். ‘டைனி டிம்’, ‘ரெட் ராபின்’ என்பன இதனைச் சற்று ஒத்த பிற வகைகள். சந்தையில் வாங்கிய சிறு தக்காளியைப் பிழிந்து விதைத்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். போதாது. பழந்தான் சிறிது, கொடியோ ஆள் உயரத்தையும் கடந்து கூரையைத் தொடும். குள்ள வகை விதையைக் கேட்டே வாங்க வேண்டும்.

நம் ஊரில் இதனை வளர்ப்பது எளிது என்று பொய் சொல்ல மாட்டேன். ஈப்போ சந்தையில் குவியும் தக்காளி கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்ச் சாலை வழியாக இறங்கி வருவதற்குக் காரணம் இருக்கிறது. தக்காளி இரவுக் குளிரை விரும்பும் பயிர். இரவிலும் வெப்பம் 21, 22 பாகைக்குக் கீழே இறங்காவிடில் அதன் மகரந்தம் வலுவிழக்கும். பூக்கள் பிஞ்சு கட்டாமலே உதிரும். மலையில் இரவு குளிர்ந்துவிடும். ஈப்போ இரவோ 23, 24 பாகையில் புழுங்கும். இதனோடு, வேரில் புகுந்து ஒரே நாளில் செடியைத் தொங்கப்போடும் வாடல் நோய்க்கிருமி நம் தாழ்நிலத்து மண்ணில் குடியிருக்கிறது. மாலை மழையின் அடி வேறு. தைவானில் 1971-இல் நிறுவப்பட்ட உலகக் காய்கறி நடுவமும் நம் நாட்டு மார்டி நிறுவனமும் வெப்பத்தையும் வாடலையும் தாங்கும் தக்காளி வகைகளுக்காகப் பல்லாண்டு உழைத்தது இதனாலேயே. சாளரத்துக் குவளைச் செடிக்கு இவற்றுள் இரண்டு தொல்லைகள் இல்லை. மேலே கூரை இருப்பதால் மழை அடிக்காது. புதிய மண்ணை நாமே கலப்பதால் வாடல் நோய்க்கும் வழியில்லை. கத்தரியோ மிளகாயோ முன்பு நின்ற இடத்து மண்ணை மட்டும் எடுத்தல் கூடாது. வெப்பம் ஒன்றுதான் மிச்சம். சிறு பழ வகைகள் பெரும் பழ வகைகளைவிட அதனை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பத்துப் பூவில் சில உதிரும், சில நிற்கும்.

எந்தச் சாளரம்? குளிர்நாட்டார் எழுதிய நூல்களில் ‘தெற்கு நோக்கிய சாளரத்தில் வைக்க’ என்று காணப்படும். அவ்வறிவுரை அவர்கள் ஊருக்கே பொருந்தும். அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்து செல்கிறது. ஈப்போ நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் அமைந்துள்ளது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் நண்பகல் வெயில் நம் உச்சந்தலையில் நேராக விழுகிறது. அந்நேரம் சாளரத்திற்குள் வெயில் எட்டிப் பார்க்காது. ஆகையால் நமக்குக் கிழக்கு நோக்கிய சாளரமே சிறந்தது. காலை ஏழரை மணி முதல் மூன்று, நான்கு மணி நேரம் இளவெயில் கிட்டும். மேற்குச் சாளரமும் உதவும்; ஆனால் பிற்பகல் வெயிலில் தகரம் கொதித்து வேர் வெந்துவிடும், எனவே குவளையைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுக. தண்டு மெலிந்து ஒளியை நோக்கி வளைந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். இரண்டு நாளைக்கு ஒரு முறை குவளையைத் திருப்பி வைக்க வேண்டும். விடுமுறை நாளில் நடைபாதை வெயிலுக்குத் தூக்கிச் செல்லலாம். மாலையில் சில மணி நேரம் எல்இடி விளக்கின் கீழ் வைப்போரும் உளர்.

குவளைக்கு விலை கொடுக்க வேண்டா. ஒன்றரைக் கிலோ மைலோ டின்னோ பழைய பெயிண்டு வாளியோ போதும். அடியில் ஆணியால் ஏழெட்டுத் துளை இடுக. மேல்மண், மணல், மட்கிய இலை உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலக்க வேண்டும். பழைய ஈயச் சுரங்கத்து மணல் நம் பக்கத்தில் எளிதில் கிடைக்கும். அதில் சத்து இல்லை; ஆனால் நீர் தேங்காமல் இறங்கிவிடும். தேங்காய் நார்த்தூள் கிடைத்தால் மிக நன்று. ஒரு கைப்பிடி காய்ந்த ஆட்டுப்புழுக்கையைப் பொடித்துச் சேர்க்கலாம். வீட்டிற்குள் என்பதால் அதற்கு மேல் வேண்டா, அம்மாவின் ஏச்சுக்கு நான் பொறுப்பல்லேன்! நீரை அளவாகவும் ஒழுங்காகவும் ஊற்ற வேண்டும். இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாகக் கொட்டினால் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும். அது பூச்சியின் வேலையன்று. நீர் ஒழுங்கின்மையால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமையின் விளைவு. இலையின் அடியில் வெள்ளை ஈயும் அசுவினியும் வந்தால் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். சிகரெட் பிடிக்கும் அப்பாக்கள் கையைக் கழுவாமல் செடியைத் தொடக் கூடாது. புகையிலையில் உள்ள ஒரு நச்சுயிரி தக்காளிக்கும் தொற்றும். அப்பாவுக்குப் புகை ஆகாது என்று நாங்கள் சொன்னால் கேட்பதில்லை. செடிக்கும் ஆகாது என்று பிள்ளை சொன்னாலாவது கேட்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் அழுத்தமாகக் கூற வேண்டும். குவளையின் அடித்தட்டில் நீர் தேங்கினால் அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பறக்கும் கொசுவாகிவிடும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் இது குற்றமுமாகும். தட்டில் மணலை நிரப்புங்கள். அல்லது நாள்தோறும் நீரைக் கவிழ்த்துவிடுங்கள். மற்றொன்று: அடுக்குமாடியில் குடியிருப்போர் குவளையைச் சாளரக் கம்பிக்கு உட்புறமே வைக்க வேண்டும். வெளி விளிம்பில் ஒருபோதும் வைத்தல் கூடாது. 2018 சனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாம் அடுக்குமாடியில் மேலிருந்து விழுந்த நாற்காலி ஒன்று பள்ளி மாணவன் ஒருவனின் உயிரைப் பறித்ததை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். மண் நிரம்பிய தகரக் குவளை அந்த நாற்காலிக்குக் குறைந்ததன்று.

பூக்கும் நாள் வந்ததும் பிள்ளைக்கு ஒரு வேலை வரும். தக்காளிப் பூவிற்குத் தன் மகரந்தமே போதும். ஆனால் அம்மகரந்தம் கூம்பு போன்ற ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. வெளியில் காற்று அசைக்கும். சில வகை வண்டுத் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும். மூன்றாம் மாடிச் சாளரத்திற்கு வண்டு வருமோ, வாராதோ! ஆகவே காலை ஒன்பது, பத்து மணி அளவில், பள்ளி நாளாயின் வீட்டில் உள்ள பாட்டியார், பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட வேண்டும். நம் நான்காம் ஆண்டு வகுப்பறைச் சாளரத்தில் மாணவர்கள் இதனைச் செய்தார்கள். சுண்டிய செடிகளில் பிஞ்சு கட்டியதையும், மறந்துபோன செடிகளில் பூ உதிர்ந்ததையும் அவர்களே கண்டு எழுதினர். பாடநூலில் மகரந்தச் சேர்க்கை என்று நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியதைவிட அந்த ஒரு வாரம் மிகுதியும் கற்பித்தது.

இதனால் காசு மிச்சமாகுமா என்று கேட்டால், ஆகாது. விதைத்து மூன்று மாதம் காத்திருந்தால், கோலிக்குண்டு அளவில் ஒரு கைப்பிடிப் பழம் கிட்டும். ஒரு வேளை ரசத்திற்கும் காணாது. வீட்டுச் செலவைக் குறைக்கும் வழி என்று எவரேனும் இதனைப் புகழ்ந்தால் நம்ப வேண்டா. நான் வேண்டுவது அந்த மூன்று மாதம். கைப்பேசியைத் தொட்டதும் காட்சி மாறும் உலகில் வளரும் பிள்ளை, தொட்டாலும் திட்டினாலும் தன் நாள் வந்தாலன்றி முளைக்காத ஒன்றின் முன்னே உட்கார்ந்து பழக வேண்டும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வீட்டுக்குள் அடைபட்டபோது, அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குப் பார்ப்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. அதே நாள்களில் கேமரன் மலை விவசாயிகள் விற்க வழியின்றிக் காய்கறிகளைக் கொட்டினர். உண்பவனுக்கும் விளைவிப்பவனுக்கும் இடையே எத்தனை தூரம் விழுந்துவிட்டது என்பதை அந்த ஆண்டு காட்டியது.

தக்காளி வளர்த்துப் பார்ப்பது பின்தங்கியோர் செயல் என்று எவரும் எண்ணற்க. 1984-இல் அமெரிக்கர் 1 கோடியே 25 இலட்சம் தக்காளி விதைகளை விண்கலத்தில் ஏற்றி விண்வெளியில் விட்டனர். 1990-இல் மீட்டெடுத்துப் பள்ளி மாணவர்களிடமே கொடுத்து, பூமியில் இருந்த விதைகளோடு சேர்த்து விதைத்து ஒப்பிடச் செய்தனர். அனைத்துலக விண்வெளி நிலையத்திலும் ‘ரெட் ராபின்’ குறுந்தக்காளி வளர்க்கப்பட்டது. அங்கே தங்கியிருந்த பிராங்க் ரூபியோ என்னும் விண்வெளி வீரரிடமிருந்து ஒரு சிறு பழம் காணாமற்போயிற்று. அவரே தின்றுவிட்டார் என்று தோழர்கள் கேலி செய்தனர். அவர் பூமிக்குத் திரும்பிய பின்னர், 2023 டிசம்பரில்தான் அப்பழம் அந்நிலையத்திலேயே உலர்ந்து கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. சாளரம் அளவே இடமுள்ள விண்கலத்தில் பட்டம் பெற்ற அறிஞர்கள் செய்யும் வேலையைத்தான் நம் பிள்ளையும் செய்யப் போகிறான்.

பள்ளியளவில் இதற்குப் பரிசு வைக்க நான் உடன்படவில்லை. பரிசு என்றால் பெற்றோர் கையில் செடி போய்விடும். நாளை சந்தையில் வாங்கிய பழம் நூலில் கட்டித் தொங்கும். மாணவர் நாள்தோறும் இரண்டு வரி எழுதினால் போதும்: உயரம், இலை, பூ, ஊற்றிய நீர். செடி பட்டுப்போனால் அந்த நாளையும் அதன் காரணத்தையும் எழுதி, வேறொரு விதை இட வேண்டும். செடி பட்ட மாணவனின் குறிப்பேடும் காய்த்த மாணவனின் குறிப்பேடும் என் மேசையில் ஒன்றாகவே மதிக்கப்படும்.

முதற் பழங்களுள் ஒன்றைத் தின்னாமல் விதைக்கென விட்டுவைக்க வேண்டும். நன்கு கனிந்ததும் அதனைக் கண்ணாடிக் குவளையில் நசுக்கி, சிறிது நீர் சேர்த்து, மூடி வைக்க. இரண்டு மூன்று நாளில் புளித்த வாடை எழும்; விதையைச் சூழ்ந்த வழுவழுப்பான உறை கரைந்து, நல்ல விதைகள் அடியில் தங்கும். அவற்றை வடிகட்டிக் கழுவி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துக. தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். இவ்வகை ஒட்டு விதையன்று. ஆதலால் தாய்ச் செடியைப் போலவே பிள்ளைச் செடியும் குட்டையாக வளரும். உலர்ந்த விதையை உறையில் இட்டு, மாணவர் பெயரையும் பழம் பறித்த நாளையும் மேலே எழுதவும். உறைகளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டா. நூலக அலமாரியின் மேல்தட்டில் மூடியுள்ள மைலோ டின் ஒன்று வைக்கப்பட்டுள்ளது; அதில் இடுக. புதிதாக முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளுக்கு அவ்வுறைகளிலிருந்து ஆளுக்கு மூன்று விதை வழங்கப்படும்.